பூஜ்யத்தில் நிற்கும் முள்

ரிமோட் லாரி மேடு ஏறவில்லை என்றால் பையன்கள் முதலில் கேட்பது, “மாமா, பெரிய பேட்டரி வேணும்.” தோட்டத்தில் தண்ணீர் குறைந்தால் அவர்களுடைய அப்பாமார் முதலில் சொல்வது, “ஏழரை எச்.பி.யா மாத்திருவோம்ணே.” கம்பம் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் எனக்கு இரண்டும் ஒரே பேச்சாகத்தான் கேட்கிறது. இப்போது ஓடுவது எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது என்று இரண்டு தரப்பும் பார்ப்பதில்லை.

என் தங்கை மகனும் அவன் சேக்காளிகளும் கடையின் பின்கட்டில் கட்டும் லாரி நாலடி நீளம். குமுளி மலைப்பாதையில் காய்கறி ஏற்றிப்போகும் பத்துச் சக்கர வண்டியைப் பார்த்து, ஃபோம் ஷீட்டிலும் அலுமினியப் பட்டையிலும் செய்தது. பின் அச்சைச் சுற்றுவது காயலான் கடையில் எடுத்த கார் வைப்பர் மோட்டார். பேட்டரி, சின்ன யு.பி.எஸ்.ஸில் வருகிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. அது மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். ஜப்பானின் தாமியா கம்பெனி 14-ல் 1 பங்கு அளவில் லாரி கிட் விற்கிறது; அதில் மோட்டாரும் கியரும் ஒன்றுக்கொன்று பொருந்தியே வரும். அந்த விலை நமக்குக் கட்டாது. கிடைத்ததை வைத்துக் கட்டுகிறவன் பொருத்தத்தைத் தானே அளந்துதான் பிடிக்க வேண்டும்.

ஹெட்லைட்டும் ஹாரனும் போட்டு, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தபடி வண்டியைக் கிளப்பினால் ரிமோட் அறுந்துபோகிறது என்பது அவர்கள் புகார். புது ரிமோட் வாங்கக் காசு சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கையில் கொடுத்தேன். சமதளத்தில் 3 ஆம்ப்ஸ். கடை வாசல் சரிவில் 8. சக்கரத்தைச் செங்கல்லில் முட்டவிட்டதும் 20-ஐத் தாண்டியது. திணறும் ஸ்டீயரிங் சர்வோவுக்கு மட்டும் தனியாக 2 ஆம்ப்ஸ். இத்தனையும் ஒரே நேரத்தில் இழுத்தால் வோல்டேஜ் சரிகிறது, ரிசீவர் அணைந்து மறுபடி உயிர் பெறுகிறது. ரிமோட்டில் ஒரு கோளாறும் இல்லை.

சுற்றும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கி, வரும் கரண்டை மட்டுப்படுத்திக்கொள்ளும். சக்கரம் நின்றால் அது இல்லை. செம்புக் கம்பியின் சொற்ப மின்தடைதான் மிச்சம். கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடு நான்கு மடங்கு. பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் படித்து மார்க்கும் வாங்கிய விஷயம்தான், விரல் சுட்டபோது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பேட்டரியைத் தொடவில்லை. பல்சக்கரத்தை மாற்றி வேகத்தைக் குறைத்தோம். சரிவில் 8 இழுத்தது 5 ஆனது. ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தனிச் சின்ன பேட்டரி, நெகட்டிவ் மட்டும் பொது. மோட்டார் லைனில் 10 ஆம்ப்ஸ் கார் பியூஸ். ஓடும் நேரமும் கூடிவிட்டது. 7 ஆம்பியர்-மணி என்று மேலே அச்சடித்திருப்பது 20 மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால் கிடைக்கும் கணக்கு. ஒரேயடியாக 7 ஆம்ப்ஸ் உறிஞ்சினால் ஒரு மணி நேரம் தாங்காது.

தோட்டத்தில் நடப்பதும் இதேதான், செலவுதான் பெரியது. 5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் முழு லோடில் சுமார் ஏழரை ஆம்ப்ஸ் இழுக்கும். எரிந்து வருகிற மோட்டாரைப் பிரித்தால் பல நேரம் இரண்டு பேஸ் காயில் கரிக்கட்டையாகவும், மூன்றாவது புதுச் செம்பு மாதிரியும் இருக்கும். ஒரு பேஸ் போன பிறகும் ஓடியிருக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். தடுக்கத்தான் ஓவர்லோடு ரிலே. அடிக்கடி விழுகிறதே என்று அதைத் திருகி உச்சத்தில் வைத்திருப்பார்கள். சிலர் ஸ்டார்ட்டரில் குச்சி செருகி அடைத்தே வைத்திருப்பார்கள். போர்டில் ஆம்மீட்டரும் இருக்கும், முள் பூஜ்யத்தில் துருப்பிடித்துப்போய். அதை மாற்றுங்கள் என்றால், “ஃப்ரீ கரண்டுக்கு எதுக்குண்ணே மீட்டரு?” என்பார்கள்.

மீட்டர் என்றாலே பில் வந்துவிடும் என்ற இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அப்படிப் போராடித்தான் 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது இருக்கட்டும், கை வைக்க வேண்டாம் என்பதே என் கட்சியும். ஆனால் பில் போடும் மீட்டர் வேறு, ஆம்மீட்டர் வேறு. ஆம்மீட்டர் யூனிட் எண்ணாது, யாருக்கும் கணக்குச் சொல்லாது. சில நூறு ரூபாய்ச் சாமான். கரண்ட் இலவசம்தான், காயில் கட்டும் கூலி இலவசமில்லையே. (எழுதினால் வியாபாரம் படுத்துவிடும் என்று வீட்டில் திட்டு.)

பெரியாற்றுத் தண்ணீர் லோயர்கேம்ப் மின்நிலையத்தில் நாலு ஜெனரேட்டரைச் சுற்றிவிட்டுத்தான் நம் பள்ளத்தாக்கு வயலுக்கு வருகிறது. அங்கே ஒவ்வொரு மெஷினின் ஆம்ப்ஸையும் ஷிப்டுக்கு ஆள் போட்டுக் கவனிக்கிறார்கள். சில மைல் தள்ளி, திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் அதை எட்டிப்பார்க்க நாதியில்லை. மாவட்டத்து ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் மாணவர்களை ஆளுக்கொரு கிளாம்ப் மீட்டருடன் கிணறு கிணறாக அனுப்பலாம். மின்வாரியம் புது இணைப்பு கொடுக்கும்போதே ரிலேயைச் சரியான அளவில் வைத்து சீல் போடலாம். பெரிய செலவு எதுவும் இதில் இல்லை.

அதுவரை ஒன்று செய்யுங்கள். புது மோட்டார் இறக்கிய அன்றே மூன்று பேஸிலும் எத்தனை ஆம்ப்ஸ் என்று அளந்து, ஸ்டார்ட்டர் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். பிறகு அந்த எண் கூடினால் மணல் சேர்ந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். நன்றாகக் குறைந்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, ஏழரை எச்.பி. போட்டாலும் இல்லாத தண்ணீர் வராது. மூன்றில் ஒன்று பூஜ்யம் காட்டினால் யோசிக்காமல் சுவிட்சை அணையுங்கள்.