பொதுவில் வைத்த கனி

தகடூர் என்னும் தருமபுரியை ஆண்ட அதியமான், அரிய நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்தான். கனியை ஈந்தால் கையில் எஞ்சாது. அறிவோ ஈந்தாலும் குறையாது. இதற்குச் சான்று 'போஸ்ட்கிரஸ்' என்னும் தரவுத்தளம். செய்திகளை அட்டவணைகளாக வகுத்து, ஒன்றோடொன்று உறவுபடுத்திக் காப்பது அதன் பணி. 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய அது, 1996 முதல் பன்னாட்டுத் தன்னார்வலரின் உழைப்பால் பொதுச்செல்வமாய் வளர்கிறது. ஒருவர் எழுதிய திருத்தத்தைப் பிறர் வெளிப்படையாக ஆராய்வர். காரணம் காட்டி ஏற்பர், அல்லது மறுப்பர்.

இம்முறையில் காலம் நீளும் என்பர் சிலர். உண்மையே, ஆயினும் பலர் கூடி ஆய்ந்தால் பிழை எளிதில் புலப்படும். 2012-இல் தோன்றிய 'கணியம்' இதழ் இத்தகைய கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கியது. மாணவர்களே! பெறுவதோடு நின்றுவிடாதீர்கள்; வினவுங்கள், ஆராயுங்கள், அறிந்ததைப் பிறர்க்கும் வழங்குங்கள்.