அலைச்சறுக்கு முகாமுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

பகாங்கிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி கிள்ளானில் நல்ல வேலையில் இருக்கிறாராம். ஆண்டு இறுதி விடுமுறையில் தம்முடைய பிள்ளைகளைச் செராத்திங் கடற்கரையில் நடக்கும் அலைச்சறுக்கு முகாமுக்கு அனுப்பப் போகிறார். அக்காள் பிள்ளைகளும் கூட வரட்டும், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். மகனுக்கு வயது 14, மகளுக்கு 11. இரண்டும் தலைகால் புரியாமல் குதிக்கின்றன. வீட்டுக்காரரோ, கடலோடு நமக்கு என்ன வேலை என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அனுப்பலாமா, அனுப்புவதென்றால் எதைப் பார்த்து அனுப்புவது என்று கேட்கிறார் சகோதரி.

அவர் கணவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பள்ளி விடுமுறை வந்தாலே ஆற்றிலும் பழைய ஈயக் குட்டையிலும் கடலிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி பத்திரிகையில் வராமல் போவதில்லை. தோட்டத்துப் பெற்றோருக்கு அந்தச் செய்தி வேறு யாருக்கோ நடந்தது போல இருக்காது. ஆனாலும், தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று வளர்த்த பிள்ளை ஒருநாள் கூட்டாளிகளோடு சொல்லாமல் போய் இறங்கத்தான் செய்யும். தண்ணீர் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது அதைவிட எவ்வளவோ மேல். ஆகவே என் பதில், அனுப்பலாம் என்பதே. ஆனால் எந்த முகாமுக்கு, எப்படிப்பட்ட பிள்ளையை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அலைச்சறுக்கு என்பது ஒரு நீண்ட பலகையின்மேல் ஏறி நின்று, கரையை நோக்கி வரும் அலையோடு வழுக்கி வருகிற விளையாட்டு. ஹவாய்த் தீவு மக்களின் பழைய விளையாட்டு இது. அதை உலகமெங்கும் அறியச் செய்தவர் டியூக் கஹனமோக்கு என்ற ஹவாய்க்காரர். அவர் முதலில் பெயரெடுத்தது நீச்சலில். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். 1925-இல் கலிபோர்னியா கடற்கரைக்கு அருகே ஒரு படகு கவிழ்ந்தபோது, தம் பலகையோடு கடலில் பாய்ந்து எட்டுப் பேரைக் கரை சேர்த்தார். நீச்சல் தெரிந்தவன் கையில்தான் பலகை துணையாக இருக்கிறது என்பதற்கு இவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இது வெள்ளைக்காரர் விளையாட்டு, நமக்கு ஒத்துவராது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு செய்தி. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இதில் தேர்ந்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அளவிலான போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். முதலில் காலம். முகாம் நடத்துகிறவர்களின் விளம்பரங்களில் கோடை முகாம், கோடை அலை என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். அது மேல்நாட்டு விருந்தாளிகளுக்காக எழுதியது. நமக்கு ஏது கோடை? நம் நாட்டில் காற்றைத்தான் பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் சுமத்ரா தீவு மதில் போல மறைத்து நிற்பதால் பினாங்கிலும் போர்ட் டிக்சனிலும் சறுக்குவதற்கு ஏற்ற அலை எழுவதில்லை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைத் தாண்டி நெடுந்தூரம் வீசி வருகிறது. அது தள்ளிக்கொண்டு வரும் அலைதான் செராத்திங்கிலும் ஜோகூரின் தேசாருவிலும் தியோமானின் ஜுவாராவிலும் வந்து உடைகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் அதே செராத்திங்குக்குப் போனால் கடல் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். ஆண்டு நடுவில் அலைச்சறுக்கு முகாம் என்று சொல்லி யாராவது அங்கே முன்பணம் கேட்டால், எந்த அலையில் கற்றுக்கொடுப்பீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அந்த மாதங்களில் அலை வேண்டுமென்றால் பாலித் தீவுக்கோ இலங்கையின் அறுகம்பேக்கோதான் போக வேண்டும். அது நம் கணக்குக்குள் வராது.

ஆக, சகோதரியின் தம்பி தேர்ந்தெடுத்த இடமும் மாதமும் சரியே. சங்கடம் என்னவென்றால், அலை வருகிற அந்த மாதங்கள்தான் கிழக்குக் கரையில் கடல் மிகவும் பொல்லாததாக இருக்கும் மாதங்களும். இதனால்தான் முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது அறையின் அழகையும் சாப்பாட்டையும் பின்னால் வைக்கச் சொல்கிறேன்.

தொலைபேசியில் கூப்பிட்டு முதலில் இதைக் கேளுங்கள்: "கடல் மோசமாக இருக்கும் நாளில் என்ன செய்வீர்கள்?" நல்ல முகாம்காரர் உடனே பதில் சொல்வார். வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைப் பார்ப்போம், சிவப்புக் கொடி ஏறினால் ஒருவரையும் இறக்க மாட்டோம், அன்றைக்கு மணலிலேயே பயிற்சி, அல்லது பாடத்தை மறுநாளைக்குத் தள்ளுவோம், முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்பார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, நாங்கள் எத்தனையோ வருஷமாக நடத்துகிறோம்" என்று சிரிக்கிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். பணம் வாங்கிய பிறகும், "இன்றைக்குக் கடலில் இறங்க முடியாது" என்று பிள்ளையிடம் சொல்லக்கூடிய தைரியம் அவருக்கு இருக்கிறதா என்பதைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அடுத்தது, ஒரு பயிற்றுநர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்? புதியவர்கள் எட்டுப் பேருக்கு ஒருவர் என்பது வெளிநாடுகளிலும் சொல்லப்படும் மேல்வரம்பு. பிள்ளைகளென்றால் நான்கு பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் எண்ணம். அந்தப் பயிற்றுநரிடம் உயிர்காப்புப் பயிற்சிக்கான சான்றிதழ் இருக்கிறதா, அது இன்னும் செல்லுமா என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். லோரி ஓட்டுகிறவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பதில்லையா?

முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய், அவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதைக் கரையில் நின்று பாருங்கள். பாடம் மணலில் தொடங்க வேண்டும். பலகையின்மேல் குப்புறப் படுப்பது, கையால் துடுப்புப் போடுவது, ஒரே மூச்சில் எழுந்து நிற்பது, தலையைக் கையால் மூடிக்கொண்டு விழுவது ஆகியவற்றை அரை மணி நேரமாவது பழக்கிய பிறகே தண்ணீருக்குப் போக வேண்டும். தண்ணீரிலும் இடுப்பளவு ஆழம்தான். உடைந்து நுரையாக வரும் சின்ன அலைதான். பயிற்றுநர் பின்னால் நின்று பலகையைத் தள்ளிவிடுவார். புதியவர்களுக்குக் கொடுக்கும் பலகை மேலே மெத்தென்று பஞ்சு போல இருக்க வேண்டும். கடினப் பலகை தலையில் பட்டால் மண்டை உடையும். பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு அறுந்து பிய்ந்து இருக்கக் கூடாது. அலைக்கும் தனக்கும் நடுவில் பலகை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அலை பலகையைத் தூக்கி முகத்தில் அடிக்கும். முதல் நாள் பற்கள் போவது அப்படித்தான்.

இப்போது பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கடலில் ஆளை இழுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் பெரிய அலை அல்ல. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டுமல்லவா? மணல் திட்டுகளுக்கு நடுவே சற்று ஆழமான ஒரு வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு அது வேகமாகக் கடலுக்குள் ஓடும். இதுதான் இழுவை நீரோட்டம். இரு பக்கமும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும்போது, நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் கறுத்து அமைதியாகத் தெரியும். அல்லது கலங்கிய நீரும் நுரையும் அங்கே வெளிநோக்கி நகரும். அலையில்லாத இடமாயிற்றே, பிள்ளைகளை இங்கே விளையாட விடலாம் என்று பெற்றோர் கூட்டிக்கொண்டு போய் விடுவதும் அந்த இடத்தில்தான். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்திலும் நீரோட்டம் இருக்கும். செராத்திங்கிலும் ஓர் ஆறு வந்து கலக்கிறது.

அதில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. எவ்வளவு பலசாலியும் எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவான். அந்த நீர் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் இழுக்கும். ஆகவே மல்லாந்து மிதந்து, மூச்சை நிதானப்படுத்தி, ஒரு கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். அங்கிருந்து அலையே கரைக்குத் தள்ளும். பலகை இருந்தால் எக்காரணத்தாலும் அதை விட்டுவிடக் கூடாது. மூழ்குகிறவரைக் காப்பாற்ற மிதக்கும் பொருள் ஏதுமில்லாமல் பாய்கிறவரும் சேர்ந்து போய்விடுவதுண்டு. மிதப்பதை வீசுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், 999-க்கு அழையுங்கள். இதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். கடலுக்குப் போகாத பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

மகன் ஆற்றில் நன்றாக நீந்துவான் என்று சகோதரி எழுதியிருக்கிறார். ஆற்றில் நீந்துவது பெரும்பாலும் இந்தக் கரையில் குதித்து அந்தக் கரையைத் தொடுவதுதான். கடலில் தொடுவதற்குக் கரை இல்லை. காலைத் தரையில் ஊன்றாமல் 50 மீட்டர் நீந்த வேண்டும். பிறகு மல்லாந்து சில நிமிடங்கள் பதறாமல் மிதக்க வேண்டும். இரண்டும் முடிந்தால் அனுப்புங்கள். மகளுக்கு நீச்சலே தெரியாது என்கிறீர்கள். அப்படியென்றால் அவளுக்கு முகாம் அடுத்த ஆண்டுக்கு. இந்த ஆண்டு பக்கத்துப் பட்டணத்தில் நகராண்மைக் கழக நீச்சல் குளம் இருந்தால் வாரம் ஒருமுறை கூட்டிப் போங்கள். மாமா கொடுக்க இருக்கும் பணத்தில் ஒரு பங்கை அதற்குக் கேட்டால் அவர் மறுக்கவா போகிறார்? அண்ணன் போகிறானே என்று அவள் அழுவாள். அழட்டும். ஆனால் பெண் பிள்ளை என்பதற்காகத்தான் நிறுத்தினார்கள் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. நீச்சல் வந்ததும் போகலாம் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். சொன்னபடி அனுப்பவும் வேண்டும்.

அவள் போகும் ஆண்டில் உடுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். முழுக்கை வைத்த, கணுக்கால் வரை மூடும் நீச்சலுடை கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. நம் நாட்டுக் கடற்கரையில் அதைத்தான் பலரும் அணிகிறார்கள். வெயிலுக்கும் அதுவே நல்லது. பெண் பயிற்றுநர் இருக்கிறாரா, உடுப்பு மாற்றத் தனியறை உண்டா, இரவில் பெண் பிள்ளைகள் எங்கே, யார் பொறுப்பில் தூங்குவார்கள் என்று கேட்டு, பதிலை வாட்சாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். கறுத்துப் போய்விடுவாள் என்று பாட்டி சொன்னால், பாட்டி எத்தனை வருஷம் வெயிலில் வெளிக்காட்டு வேலை செய்தார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

பணம் தம்பியுடையது என்றாலும் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். முகாம் என்றால் பெரும்பாலும் தங்குமிடம், சாப்பாடு, பாடம் எல்லாம் சேர்த்து ஒரு கட்டணம். ஒரு சாதாரண குடிலில் குடும்பமாகத் தங்கி, ஒன்றிரண்டு பாடத்துக்கு மட்டும் பணம் கட்டினால் செலவு குறையலாம், இரண்டையும் விசாரியுங்கள். பலகை வாடகையும் காப்புறுதியும் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா? வெள்ளத்தால் வர முடியாமல் போனால் முன்பணம் திரும்புமா? இது வெறும் பேச்சல்ல. 2013 டிசம்பரில் குவாந்தானும் கெமாமானும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. செராத்திங் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. போகும் வாரத்தில் சாலைச் செய்தியைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

இழுப்பு, வலிப்பு, காது நோய் ஏதேனும் இருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

கணவரிடம் சண்டை போட வேண்டாம், சகோதரி. முதல் இரண்டு நாள் அவரையே பிள்ளையோடு அனுப்பி வையுங்கள். கரையில் உட்கார்ந்து, பையனின் சட்டை நிறத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு இருக்கட்டும். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிடட்டும். தினமும் காலையில் பயிற்றுநரிடம், இன்றைக்கு இழுவை எந்தப் பக்கம் என்று கேட்கட்டும். பையனுக்குக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்திலோ மஞ்சளிலோ சட்டை வாங்குங்கள். நீலமும் பச்சையும் தண்ணீரில் தெரியாது. இரண்டு துவாலை, மாற்று உடுப்பு, வெயிலுக்குப் பூசும் களிம்பு, குடிதண்ணீர் ஆகியவற்றோடு ஒரு சின்னப் புட்டி வினிகரும் பையில் இருக்கட்டும். ஜெல்லி மீன் கொட்டினால் மணலைப் போட்டுத் தேய்க்காமல் வினிகரை ஊற்றிக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.