ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் ஊரில் கள்ளனுக்கு என்ன பயம்?



போன கிழமை நம்ம ஊரில் ஒரு சகோதரியின் வட்ஸ்அப் களவு போனது. குடும்பக் குரூப்பிலும் மத்ரஸாக் குரூப்பிலும் இருந்தவர்களுக்கெல்லாம் அவருடைய பெயரில் மெசேஜ் போனது: "அவசரம், 40,000 ரூபா தேவை, நாளைக்குத் தாறன்." இரண்டு பேர் காசைப் போட்டுவிட்டார்கள். அதில் ஒருவர் போட்டது பிள்ளையின் டியூஷனுக்கும் கரண்ட் பில்லுக்கும் எடுத்து வைத்திருந்த காசு.

அன்று இரவே ஊர் சிரிக்கத் தொடங்கியது. ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டார்கள். "இந்தக் காலத்திலயும் இப்படி ஆக்களா?" என்று கேட்டார்கள். அந்தச் சகோதரி நாலு நாளாகப் பிள்ளையைக் கூட்டிப்போக ஸ்கூல் கேட்டடிக்கு வரவில்லை. அந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறவர்கள் நாங்கள். அவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். அவருடைய ராத்தாவின் மகனின் நம்பரில் இருந்து ஒரு மெசேஜ். "சாச்சி, என்ட கோட் ஒண்டு பிழையா உங்கட போனுக்கு வந்திட்டு, கெதியா அனுப்புங்க." அதே நேரம் உண்மையாகவே 6 இலக்கக் கோட் ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வந்தது. அவர் அனுப்பினார். அது மருமகனின் கோட் அல்ல. கள்ளன் தன்னுடைய போனில் வட்ஸ்அப்பைத் திறந்து இந்தச் சகோதரியின் நம்பரை அடித்திருக்கிறான். நம்பருக்குச் சொந்தக்காரர் யார் என்று உறுதிப்படுத்த வட்ஸ்அப் அனுப்பிய கோட் அது. வீட்டுச் சாவி மாதிரி. அவ்வளவுதான், வட்ஸ்அப் கள்ளனின் கைக்குப் போய்விட்டது.

இப்போது சொல்லுங்கள், இதில் எங்கே மடத்தனம்? தெரியாத நம்பராக இருந்திருந்தால் அவர் பதிலே போட்டிருக்க மாட்டார். தூக்கி வளர்த்த பிள்ளை கேட்டது, கொடுத்தார். கள்ளன் பூட்டை உடைக்கவில்லை. நமக்குள் இருக்கிற நம்பிக்கையை வைத்தே கதவைத் திறந்தான்.

இதைவிடக் கசப்பானது ஒன்று இருக்கிறது. மருமகனின் வட்ஸ்அப் களவு போனது அதற்கு முதல் நாள். அவனுக்கு அது தெரியும். ஆனால் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னா எல்லாரும் பகிடி பண்ணுவாங்க, சேர்" என்றான். அவன் அன்றே குடும்பக் குரூப்பில் ஒரு வொய்ஸ் போட்டிருந்தால் சாச்சி தப்பியிருப்பார். இரண்டு பேரின் காசும் மிஞ்சியிருக்கும். அவனுடைய வாயை அடைத்தது நம்ம ஊரின் சிரிப்பு. கள்ளனுக்கு ஒரு நாள் முழுக்க அவகாசம் கொடுத்தது நாம்தான்.

சிரிப்பது ஒரு பாவம் என்றால், விசாரிக்காமல் ஃபோர்வர்ட் பண்ணுவது மற்றது. இலவச டேட்டா லிங்க். அஸ்வெசும பட்டியலில் பெயர் பார்க்க லிங்க். இலவச உம்ரா லிங்க். தபாலில் பார்சல் வந்து கிடக்கிறது, கார்ட் நம்பரைப் போட்டுச் சின்னத் தொகை கட்டுங்கள் என்று ஒரு லிங்க். இதையெல்லாம் நம்ம வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? ஹாஜியார் போடுகிறார், அதிபர் போடுகிறார், எங்களைப் போல ஆசிரியர்களும் போடுகிறோம். கேட்டால், "குரூப்பில கிடந்தது, பிரயோசனப்படட்டும் என்று போட்டன்" என்போம். நம்முடைய பெயரைப் பார்த்துத்தான் ஒரு உம்மா அந்த லிங்கைத் தொடுகிறார்.

வருகிற செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்வது ஸூரா ஹுஜுராத்தின் 6 ஆவது வசனம். ஒருவரை ஒருவர் பரிகசிப்பதைத் தடுப்பது அதே ஸூராவின் 11 ஆவது வசனம். எத்தனை ஜும்ஆவில் இரண்டையும் கேட்டிருக்கிறோம்! போன கிழமை இரண்டையும் ஒரே நாளில் மீறினோம்.

"இதெல்லாம் பேங்க்கும் அரசாங்கமும் பார்க்க வேண்டிய வேலை" என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஓடிபியை யாருக்கும் கொடுக்காதே என்ற எச்சரிக்கை நம்மில் பலருக்கு ஆங்கிலத்தில்தான் வருகிறது. தமிழ் மட்டும் வாசிக்கிற உம்மாவுக்கு அதனால் என்ன பிரயோசனம்? அதைத் தமிழில் கேட்பது நம்முடைய உரிமை, கேட்போம். ஆனால் தமிழில் வரும்வரை அந்த எச்சரிக்கையை வீட்டில் வாசித்துச் சொல்ல வேண்டியது நாம்தான்.

ஆகவே இன்று மஃரிபுக்குப் பிறகு, வீட்டில் உள்ளவர்களை இருத்தி வைத்து இவற்றைச் சொல்லுங்கள்.

போனுக்கு வரும் கோட், ஓடிபி, பின் நம்பர் எதையும் பெற்ற பிள்ளை கேட்டாலும் கொடுக்கக் கூடாது. யாராவது மெசேஜில் காசு கேட்டால், சாதாரண கோல் எடுத்துக் குரலைக் கேட்ட பிறகுதான் மற்றக் கதை. வட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்பதற்குள் போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டு வையுங்கள். அதைப் போட்டால், கோட் கைமாறினாலும் உங்களுடைய பின் நம்பர் இல்லாமல் கள்ளனால் உள்ளே வர முடியாது. அரச திணைக்களம் என்று சொல்லி லிங்க் வந்தால், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் அந்த முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். தபால் திணைக்களத்தின் முகவரி டொட் ஜிஓவி டொட் எல்கே என்றுதான் முடியும். முன்னால் தபால் என்றிருந்து முடிவில் வேறு என்னவோ இருந்தால் தொடாதீர்கள்.

மாட்டிக்கொண்டால் ஒளிக்காதீர்கள். வட்ஸ்அப் என்றால் உடனே உங்கள் நம்பரைத் திரும்பப் பதிவு செய்யுங்கள். புதுக் கோட் உங்களுக்கு வரும், அதைப் போட்டதும் கள்ளன் வெளியே போவான். அவன் தன்னுடைய பின் நம்பரைப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் அவனால் அதைப் பாவிக்க முடியாது. கார்ட் விபரம் கொடுத்திருந்தால் அந்த நிமிஷமே பேங்க்குக்குக் கோல் எடுத்துக் கார்டை நிறுத்துங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101. பேங்க் சரியான பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இருக்கிறது. பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நாட்டில் இருக்கிறது. குற்றவாளி கள்ளன். ஏமாந்தவர் அல்ல.

கடைசியாகக் குரூப் அட்மின்மாருக்கு: விசாரிக்காத லிங்க்கை யார் போட்டாலும் அழியுங்கள், ஹாஜியார் என்றாலும் சரி, நாங்கள் என்றாலும் சரி. "நான் ஏமாந்திட்டன், கவனம்" என்று ஒருவர் சொன்னால் அந்த மெசேஜை மேலே பின் பண்ணி வையுங்கள். அவர் தன் வெட்கத்தைக் கொடுத்து நம்ம காசைக் காப்பாற்றுகிறார்.

ஸ்டேட்டஸ் போட்ட தம்பிமாரே, அதை அழித்தால் மட்டும் போதாது. அந்தச் சகோதரி நாளைக்கு ஸ்கூல் கேட்டடிக்கு வந்தால், முதல் ஸலாம் உங்களுடையதாக இருக்கட்டும்.