புட்டிக்கு வரி, குவளைக்கு மாலை

2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நாசி லெமாக், ரொட்டி சானாய், இழுத்து ஆற்றும் பால் தேநீரான தே தாரிக் மூன்றுக்கும் சேர்த்து மாலை விழுந்தது. சில வாரங்களில், 2025 ஜனவரி 1 அன்று, இனிப்புப் பானங்கள் மீதான கலால் வரி லிட்டருக்கு 50 சென்னிலிருந்து 90 சென்னாக ஏறியது. இரண்டையும் ஒரே மூச்சில் பாராட்டியவர்களை எனக்குத் தெரியும். வரி ஏறியதால் மாமாக் கடைத் தேநீரில் ஒரு கரண்டி சீனியாவது குறைந்ததா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறார்கள். குறைய வழியே இல்லை. அந்த வரி தே தாரிக்கைத் தொடவே இல்லை.

2019 ஜூலை 1-இல் 40 சென்னாகத் தொடங்கிய இந்த வரி, ஆலையில் அடைத்து வரும் பானத்துக்கானது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சாதாரண குளிர்பானம் வரிக்குள் வரும். ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? சீனியைக் குறைத்தார்கள், அல்லது செயற்கை இனிப்புக்கு மாறினார்கள். அந்த அளவில் வரி பலித்தது, மறுக்கவில்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மலேசிய இந்தியர்களான நம் ஆட்கள் சீனியைப் புட்டியிலிருந்தா குடிக்கிறார்கள்? தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலின் எடையில் ஏறக்குறைய பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் சுமார் 20 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் ஒரு குவளை முடிந்ததும் அன்றைய கணக்கும் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. பத்து மணிக்கு இன்னொன்று, நான்கு மணிக்கு இன்னொன்று, இரவு பந்து பார்க்கும்போது ஐஸ் போட்டு ஒன்று. இதில் எதற்கும் வரி இல்லை, முத்திரை இல்லை, எச்சரிக்கை இல்லை.

விளம்பரம் மட்டும் இருக்கிறது. ஏராளமாக இருக்கிறது.

சனிக்கிழமை மாலை பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனில் நடந்து பாருங்கள். மேசைக்கு மேசை கைப்பேசி நிற்கிறது. முக்காலி, வட்ட விளக்கு, சட்டைக் காலரில் ஒலிவாங்கி. ‘இந்த வாரம் என்ன புதுசு’ என்று நகரம் முழுக்கச் சுற்றும் உணவுப் பதிவர்கள் வந்திறங்கியிருக்கிறார்கள். அவர்கள் எதைப் படம் பிடிக்கிறார்கள் என்று கவனித்தால் ஓர் உண்மை பிடிபடும். இட்லி அசையாது. ரசம் திரையில் எடுபடாது. கீரைக் கூட்டைக் கண்டு யாரும் விரலை நிறுத்துவதில்லை. ஆனால் பானம் ஊற்றும்போது நீளும், நுரைக்கும், நிறம் மாறும். இரண்டடி உயரத்திலிருந்து இழுபடும் தேநீர், அடுக்கடுக்காக நிற்கும் மூன்றடுக்குத் தேநீர், மேலே ஒரு குன்று மாவு கொட்டிய மைலோ டைனோசர், ரோஜா நிறப் பண்டுங், ஐஸ்கிரீம் மிதக்கும் ஃபலூடா, அடியில் கருப்பு மணிகள் உருளும் பப்பிள் டீ. சாப்பாட்டைப் பற்றிய பதிவு என்று ஆரம்பிப்பது பாதிக்கு மேல் சீனியைப் பற்றிய பதிவாக முடிகிறது. கேமராவுக்கு இனிப்புதான் பிடிக்கிறது. கடைக்காரருக்கும் அது தெரிந்துவிட்டது. உணவுப் பட்டியலில் புதிதாக முளைப்பவற்றில் படத்துக்காகவே பிறந்த பானங்கள் எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். என்னை அறிந்தவர்கள், ‘மறுபடியும் அதே எண்ணா’ என்பார்கள். ஆமாம், மறுபடியும் அதேதான்: 31.4.

2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வில் மலேசியப் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்த பெரியவர்களை இந்த எண்ணோடு எண்ணிப் பாருங்கள். அறிவுத் திருக்கோயில் என்றும் ஆன்மிகச் சொற்பொழிவு என்றும் நாம் கூட்டம் கூட்டுகிறோமே, அந்தக் கூட்டத்தையும் எண்ணுங்கள். நாட்டில் இன்று 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் இயந்திரத்தை நம்பி உயிர் வாழ்கிறார்கள். புதிதாக அந்த நாற்காலிக்கு வருபவர்களை அங்கே கொண்டுவரும் முதல் காரணம் நீரிழிவு. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கூட ஒருவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். மலேசியக் குடிமக்களில் ஏழு விழுக்காட்டைக்கூட எட்டாத சமூகம் நாம். அரசியலில் எந்தப் பட்டியலிலும் முன்வரிசை கிடைக்காத நமக்கு, இந்தப் பட்டியலில் மட்டும் யாரும் போட்டிக்கு வருவதில்லை.

தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். கெட்டிப்பால் டின்னில் கயிறு கட்டித் தேநீர் வாங்கிப் போனது நம் பாட்டன் காலத்து வழக்கம்தான். அந்தப் பாட்டன் விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்துக்கு மரம் நடந்தார். அந்தச் சீனி பால்வாளியைத் தூக்குவதில் எரிந்தது. பேரன் காரில் உட்கார்ந்தபடியே கோலாலம்பூரைச் சுற்றி வருகிறார். குவளை மட்டும் பெரிதாகிவிட்டது.

அரசாங்கத்தின் கொள்கை எவ்வளவு குழம்பியது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டரில் ஏறலாம். சுபாங் ஜெயாவைத் தாண்டினால் பத்து தீகா வரும். நாட்டுக்குச் சீனி தரும் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. சீனி நம் நாட்டில் கட்டுப்பாட்டு விலைப் பொருள். 2023-இல் சாதாரணச் சீனி கிலோ 2.85 ரிங்கிட். அந்த விலையில் விற்றால் கட்டுப்படியாகாது என்று ஆலைகள் சொன்னதால், 2023 நவம்பர் முதல் கிலோவுக்கு 1 ரிங்கிட் ஊக்கத்தொகை தர அரசாங்கம் ஒப்புக்கொண்டது. ஒரு கை கருவூலத்திலிருந்து பணம் எடுத்துச் சீனியை மலிவாக வைத்தது, இன்னொரு கை குளிர்பானப் புட்டிக்கு 90 சென் வரி போட்டு அதை நீரிழிவு மருந்துக்கும் டயாலிசிஸுக்கும் செலவிடுவதாக அறிவித்தது. தொட்டிலையும் ஆட்டிக்கொண்டு பிள்ளையையும் கிள்ளும் வேலை இது. கடையில் பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேட்பவருக்கு ஐந்து காசு குறைவதில்லை. வெறும் வெந்நீருக்குக் காசு வாங்கும் கடைகள்கூட இருக்கின்றன. சீனி மட்டும் இலவசம்.

சிங்கப்பூரைப் பாருங்கள் என்று சொன்னால் இங்கே பலருக்குக் கசக்கும். கசக்கட்டும், விவரமாகவே சொல்கிறேன். 2019 அக்டோபரிலேயே, மிக அதிகச் சீனி கலந்த பானங்களின் விளம்பரத்தைத் தடை செய்யப்போவதாக அந்த நாடு அறிவித்தது. 2022 டிசம்பர் 30 முதல் ‘நியூட்ரி கிரேட்’ என்ற தரவரிசை நடைமுறைக்கு வந்தது. ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்து. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. சி, டி இரண்டும் முகத்தில் முத்திரையோடுதான் விற்பனைக்கு வர வேண்டும். டி வாங்கிய பானத்துக்கு விளம்பரமே கூடாது. சரியாக ஓராண்டு கழித்து, 2023 டிசம்பர் 30-இல், கடையில் அப்போதே கலக்கும் பானங்களுக்கும் அந்த விதி நீண்டது. பப்பிள் டீ கடையின் பட்டியலில் பானத்துக்குப் பக்கத்தில் எழுத்து இருக்கும். மேலே போடும் மணிகளில் எவ்வளவு சீனி என்பதும் இருக்கும். சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. விளைவு? அடைத்து விற்கும் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017-இல் 7.1 விழுக்காடு. 2023-இல் 4.6 விழுக்காடு. இதற்காக அங்கே யாரும் புரட்சி செய்யவில்லை, எந்தத் தேநீர்க் கடையும் மூடிக்கொண்டு ஊருக்குப் போகவில்லை. ஜொகூர் பாலத்தின் அந்தப் பக்கம் குவளைக்கு எழுத்து உண்டு. இந்தப் பக்கம் ‘ஆரோக்கியத் தெரிவு’ என்று ஒரு முத்திரை இருக்கிறது. விருப்பமுள்ள நிறுவனம் விண்ணப்பித்து வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். நல்ல பிள்ளைகள் மட்டும் கையைத் தூக்கும் வகுப்பறை.

பதிவர்களை ஏன் இதில் இழுக்கிறாய், அவர்கள் ஏதோ பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள் என்பார்கள். அரசாங்கத்தின் மற்ற கரங்கள் அப்படி நினைக்கவில்லையே! பணமாக வந்தாலும் பொருளாக வந்தாலும் சமூக ஊடகச் செல்வாக்காளரின் வரவு வருமானம்தான் என்பது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் நிலை. 2022-இல் வெளிவந்த உள்ளடக்க நெறிமுறை, கைம்மாறு வாங்கிக்கொண்டு பேசினால் அதைப் பார்வையாளருக்குச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. வரி வாரியத்துக்கு இது தொழில். ஊடக நெறியாளருக்கு இது விளம்பரம். சுகாதார அமைச்சுக்கு மட்டும் இது பிள்ளைகள் விளையாட்டு. இந்தியாவில் 2022-இல் வந்த விதிகளின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் முகம் காட்டுபவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை விளம்பரத் தடை. இங்கே ஓசிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ‘வேற லெவல்’ என்று சொல்பவர், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றாவது கேள்விப்பட்டிருக்கிறாரா என்பதே சந்தேகம்.

எதிர்வாதங்களை வரிசையாக முடித்துவிடலாம். சிறு வியாபாரியின் வயிற்றில் அடிக்காதே என்பது முதலாவது. சிறு கடைக்கு விலக்கு கொடுத்துச் செய்ய முடியும் என்று மேலேயே சொல்லிவிட்டேன். குடிப்பது அவரவர் உரிமை என்பது இரண்டாவது. உரிமை அவருடையதாக இருக்கலாம், மருத்துவச் செலவு பொது மருத்துவமனையின் தலையில் விழுகிறது. மூன்றாவதைக் கையில் தாளோடு வந்து சொல்வார்கள்: 2023 ஆய்வில் நாட்டின் நீரிழிவு விகிதம் 15.6-ஆக இறங்கிவிட்டதாம். இறங்கட்டும், மகிழ்ச்சி. அந்தத் தாளிலும் முன்வரிசையில் நிற்பவர் யார் என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். உன் 31.4 எடுக்கப்பட்டது 2019-இல், அப்போது இந்தக் குறுங்காணொளி வெறி இவ்வளவு இல்லையே என்று கேட்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. வெறி இல்லாதபோதே 31.4 என்றால் இப்போது என்ன ஆகும் என்பதே என் கேள்வி.

பிரிக்பீல்ட்ஸில் நல்ல சாப்பாடு இல்லாமல் போய்விட்டதா? ஜாலான் ஸ்காட்டில் வாழையிலை விரித்து அவரைக்காயும் புடலங்காயும் வைக்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன. ஜாலான் பெர்ஹாலாவில் நுண்கலைக் கோயிலை ஒட்டிய அன்னலட்சுமி, வயிறார உண்டபின் மனம்போல் கொடுங்கள் என்ற முறையை நடத்திக் காட்டிய உணவகம். கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் காலையில் இடியப்பம் அவிக்கிறார்கள். இவற்றைத் தேடிப் போகிற பதிவர்கள் இல்லாமல் இல்லை. விரல் விட்டு எண்ணலாம், அவர்களை யாரும் பெரிதாகப் பின்தொடர்வதும் இல்லை. புடலங்காய்க்குச் சுவை உண்டு, நுரை இல்லை.

சுகாதார அமைச்சர் ‘சீனிக்கு எதிரான போர்’ என்கிறார். போர் என்றால் எதிரி முகாம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். புட்டிக்கு இன்னொரு 40 சென் ஏற்றுவதை விட்டுவிட்டு, பெரிய உணவகங்களும் தொடர்கடைகளும் ஒவ்வொரு குவளைக்கும் எழுத்துப் போட வேண்டும் என்று ஓர் உத்தரவு போடட்டும். டி வாங்கும் பானத்தைக் கைம்மாறு பெற்றுக் காட்டும் காணொளியை விளம்பரமாகவே கருதித் தடை செய்யட்டும். கைம்மாறு பெறாமல் காட்டினாலும் அந்த எழுத்தைத் திரையில் காட்டியாக வேண்டும். பேச்சுரிமை என்று கூச்சல் வரும். சிகரெட் விளம்பரத்தை எடுத்தபோதும் வந்ததுதான்.

புத்ராஜெயா தயங்கினால் நகராண்மைகள் தொடங்கலாம். பிரிக்பீல்ட்ஸுக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றம் இருக்கிறது. கிள்ளான் 2024 பிப்ரவரி முதல் அரச மாநகர். உரிமம் கொடுப்பதும் புதுப்பிப்பதும் அவர்கள் கையில். அடுத்த தீபாவளிச் சந்தைக்குக் கடை ஒதுக்கும்போதே நிபந்தனையில் இரண்டு வரி சேர்க்கட்டும்: வெந்நீர் இலவசம், சீனி போடாத தேநீர் விலை குறைவு. மூன்றாவது வரியாக, சந்தை வளாகத்தில் பணம் வாங்கிக்கொண்டு இனிப்புப் பானத்தைப் படம் பிடிக்க வருபவர் ஒரு நாள் உரிமம் எடுக்க வேண்டும் என்று போட்டால், அந்தக் கட்டணத்தை வசூலித்துக் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நாற்காலிக்குக் கொடுக்கலாம்.