துளைவழி வானம்

அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரிலே, கோட்டைபோல் நிற்கிறது ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை. 1829-இல் திறந்தனர், 1971-இல் மூடினர். மரமும் கொடியும் உள்ளே குடியேறின. 1994 முதல் மக்கள் சென்று காண்கின்றனர். காரை உதிர்ந்த சுவர், துருவேறிய கட்டில், கூரைத் துளைவழி விழும் ஒளிக்கீற்று! புகைப்படக் கருவியுடன் போவோருக்குப் பெருவிருந்து!

அழகுதான், மறுப்பாரில்லை. ஆயின், அந்தத் துளை எதற்காக? தனிக்கொட்டடிக்குள்ளே கிடந்தவனுக்கு அங்கிருந்து தெரிந்த வானம் அவ்வளவே! பேச்சுத்துணை இல்லை, பக்கத்து அறையான் முகம் தெரியாது, வெளியே அழைத்துச் செல்லும்போது தலையை மூடுவர். தனிமை மனிதனைத் திருத்தும் என்று நம்பி இதனைச் செய்தோர் கொடியவரல்லர், நல்லெண்ணம் படைத்தோரே! 1842-இல் நேரிற் கண்ட சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதினும் கொடிது இது என்றெழுதினார். கேட்டனரோ? அம்முறை அங்கே முடிவாகக் கைவிடப்பட்டது 1913-இல்!

படம் எடுக்கட்டும், தடுப்பானேன்? படத்தின் கீழே, அங்கு அடைபட்டவன் கதையையும் எழுதட்டும். இல்லையேல் அழகு எஞ்சும், அநீதி மறையும்.

தனிக்கொட்டடி செத்துவிடவில்லை, தோழரே! தொடர்ந்து 15 நாட்களுக்கு மேல் எவரையும் தனிமையில் அடைக்கலாகாது என 2015-இல் ஐ.நா. பொதுப்பேரவை விதி வகுத்தது. ஏன் வகுத்தது? உலகில் அப்படி அடைக்கிறார்கள், அதனால்!

பாழடைந்த சிறையைப் படமெடுப்பது எளிது. பாழடையாத சிறைக்குள்ளே கருவியை விடமாட்டார்கள். அங்கே நுழைய வேண்டியது மக்களின் கேள்வி!