எந்த நாள் எம்டன்?

கில்லாடியான ஆளைப் பார்த்து, "அவன் சரியான எம்டன்!" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டதுண்டா? அது ஒரு கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்து சுமார் 130 குண்டுகளை வீசியது. துறைமுகம் அருகே எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன.

அந்த எம்டனை நாமே ஒட்டிச் செய்ய, ஜெர்மனியின் ரெவெல் நிறுவனம் பிளாஸ்டிக் மாடல் வெளியிட்டது. இதெல்லாம் நேரத்தை வீணாக்கும் வேலை என்பார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேள்வி கேட்டுக்கொண்டே செய்தால், இதுவும் படிப்புதான்!

முதலில் கணக்கு. மாடலின் அளவு 1:350. நிஜக் கப்பலின் நீளம் சுமார் 118 மீட்டர். வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 34 செ.மீ. வரும். உங்கள் ஸ்கேலைவிடக் கொஞ்சம்தான் நீளம். அந்தக் கணக்கில் ஒரு மாலுமியின் உயரம் 5 மி.மீ. ஓர் அரிசி அளவு!

அடுத்து வரலாறு. என்ன வண்ணம் பூசுவது? அமைதிக் காலத்தில் எம்டன் வெள்ளை, போரில் சாம்பல் நிறம். புகைபோக்கி எத்தனை? நிஜத்தில் மூன்று. ஆனால் எதிரியை ஏமாற்ற, கேப்டன் முல்லர் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி வைத்தார். பிரிட்டிஷ் கப்பல் போலத் தோற்றம் காட்டி, 1914 அக்டோபர் 28 அதிகாலை பினாங்கு துறைமுகத்தில் நுழைந்தார். ஆகவே, எந்த நாள் எம்டனைச் செய்கிறோம் என்று தெரியாமல் தூரிகையைத் தொடவே முடியாது.

அன்று எம்டன் மூழ்கடித்த இரண்டு கப்பல்களில் ஒன்று, பிரான்சின் முஸ்கே. அப்போது நம் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. அந்த உலகப் போரில் உயிர்விட்ட பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவுச் சின்னத்தை நம் கடற்கரைச் சாலையில் இன்றும் காணலாம்.

எம்டனும் தப்பவில்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை வீழ்த்தியது. எம்டனில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். மாடல் பெட்டியில் பீரங்கி இருக்கும், நங்கூரம் இருக்கும். அந்த 5 மி.மீ. மனிதர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்களை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

விலை அதிகமே என்று ஏங்க வேண்டாம். கெட்டி அட்டை, ஸ்கேல், பசை போதும். கத்தி பிடிக்கும்போது பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு பசை தடவுங்கள். ஒட்டியது காயும்வரை அடுத்த பாகத்தைத் தொடாதீர்கள்.

முடித்ததும் அடிப்பலகையில் கப்பலின் பெயரையும் நாளையும் எழுதுங்கள். கீழே, அதில் இறந்தவர்களின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். அப்போதுதான் அந்த மாடல் முழுமை பெறும். என்ன, செய்வீர்கள்தானே?