பாஸ்போர்ட்டுக்குப் பெயர் தகுதியா?

தென்கொரியாவில் ஆங்கிலம் பேசக் கற்றுத்தர ‘ஈ-2’ விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என 7 நாட்டவருக்கே அது பொதுவாகக் கிடைக்கும். அவர்கள் வேதியியலில் இளங்கலை முடித்திருந்தாலும் சரி. ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற கென்யர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இந்தியருக்கு வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே ஒரு சந்து உண்டு. அதற்கு ஆசிரியர் பயிற்சிச் சான்றும் காட்ட வேண்டும். இதுபோக, விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்கும் ஹாக்வோன்கள், அதாவது தனிப்பயிற்சி நிலையங்கள். உச்சரிப்பு முகத்திலா இருக்கிறது?

பிறப்பைத் தகுதியாக்கும் இந்த ஏற்பாட்டை நிறவெறி என்று கொதிக்கும் இந்தியர்களில் ‘மெரிட்’ பேசுகிறவர்களும் உண்டு. கொதிக்கட்டும், நியாயம்தான். ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் நேர்காணல் முடிந்ததும் ‘தகுதியானவர் எவருமில்லை’ என்று கோப்பில் எழுதி, தலித், பழங்குடியினருக்கான பேராசிரியர் பணியிடத்தைக் காலியாகவே வைப்பது யார், கொரியர்களா?